வாட்ஸ்அப் குழுவுக்கு மாற்று: டெல்டா உழவர்களுக்கு லெமியா, மாஸ்டடானா, மேட்ரிக்ஸா?

கேள்வி இது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பேராவூரணி பக்கம் சுமார் 700 உழவர்கள், மூன்று வாட்ஸ்அப் குழுக்கள். பூச்சி, வாய்க்கால் தண்ணீர், கொள்முதல் நிலையம் என்று நாள் முழுக்கப் பேச்சு ஓடுகிறது. ஆனால் போன சம்பாவில் ஒருவர் சொன்ன நல்ல பதிலை இந்தச் சம்பாவில் தேடினால் கிடைப்பதில்லை. ஒரே கம்பெனியின் கையில் இல்லாமல், பலர் பல சர்வர்களில் நடத்தும் தளத்துக்கு மாறலாமா, மாறினால் மாஸ்டடான், லெமி, புளூஸ்கை, மேட்ரிக்ஸ், நாஸ்டர் இவற்றில் எது?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வியும் பதிலும் தங்க வேண்டுமென்றால் லெமி, அல்லது அதே குடும்பத்தைச் சேர்ந்த பைஃபெட். அவசரத் தகவலுக்கு மேட்ரிக்ஸ். இல்லை, வாட்ஸ்அப்பே இருந்துவிட்டுப் போகட்டும். மாஸ்டடானும் புளூஸ்கையும் வெளியூருக்குச் சேதி சொல்ல நல்லவை, உள்ளூர் விவாதத்துக்கு அல்ல. நாஸ்டர் வேண்டாம்.

தளத்தின் தத்துவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். உங்கள் பேச்சின் வடிவத்தைப் பாருங்கள். டெல்டாவில் கேள்விகள் பயிர்ப் பருவத்தோடு சுற்றி வருபவை. ஜூன் 12 நெருங்கினால் மேட்டூர் திறப்பா, குறுவைக்கு விதை விடலாமா என்ற கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் மூழ்கிய பயிரைத் தேற்றுவது எப்படி என்ற கேள்வி. தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதாகத் திருப்பி அனுப்பினார்கள் என்ற புலம்பல். புகையான் பூச்சிக்கு ‘எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடுங்கள், யூரியாவைக் குறையுங்கள்’ என்று ஒருவர் பொறுமையாக எழுதிய பதில் அடுத்த ஆண்டும் அப்படியே பொருந்தும். இப்படிப்பட்ட பேச்சுக்குத் தலைப்பு வேண்டும், தலைப்புக்குக் கீழே கிளை கிளையாகப் பதில் வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும்.

மாஸ்டடானில் இந்த மூன்றுமே பலவீனம். 2016-இல் வந்த இது ட்விட்டரின் அச்சில் வார்த்தது. பதிவுக்குத் தலைப்பு கிடையாது, குழு என்ற அமைப்பும் கிடையாது. வழக்கமான வரம்பு 500 எழுத்து. இதில் தமிழுக்கு ஒரு சலுகை உண்டு: ‘கொ’, ‘ன்’ போன்றவை ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகவே எண்ணப்படும், ஆகவே 500 எழுத்தில் நிறையவே சொல்லலாம். வேறு சர்வரில் உள்ளவர் எழுதிய மறுமொழிகள் உங்கள் சர்வரில் முழுமையாகத் தெரியாமல் போவது பழைய நோய். புதிய பதிப்புகளில் ஓரளவு குணமாகியிருக்கிறது. சொல்தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற தனி மென்பொருளையும் ஓட்ட வேண்டும். அது இல்லாத சிறு சர்வரில் கணக்குப் பெயரையும் ஹேஷ்டேக்கையும்தான் தேட முடியும். ஹேஷ்டேக்கை நம்பினால் ஒருவர் ‘குறுவை’ என்பார், இன்னொருவர் ‘குருவை’ என்பார்.

2019 இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து மாஸ்டடானுக்கு ஓர் அலையே கிளம்பியது. அந்த அலை நிலைக்கவில்லை. கோபத்தில் வீடு மாறுவது எளிது. பேசிப் பழகிய ஆட்கள் அங்கே இல்லாவிட்டால் திரும்பி வருவதும் எளிது.

லெமி ரெட்டிட் வடிவம். ‘சமூகம்’ என்ற பிரிவுகள், அவற்றில் தலைப்போடு பதிவுகள், கீழே கிளைவிடும் மறுமொழிகள், ஒவ்வொரு சமூகத்துக்கும் தனி மட்டுறுத்துநர்கள் (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவர்கள்). யார் எதை நீக்கினார்கள் என்ற பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கும். ஊர்ப் பேச்சில் ‘என் பதிவை ஏன் தூக்கினாய்’ என்ற சண்டைக்கு இது நல்ல மருந்து. 2023 ஜூனில் ரெட்டிட் தன் ஏபிஐக்கு (வெளிச் செயலிகள் அதன் தரவை எடுக்கும் வழிக்கு) கட்டணம் விதித்ததை எதிர்த்து வந்தவர்களால்தான் இது வளர்ந்தது. லாகின் இல்லாமலே உலாவியில் படிக்கலாம். இது மிக முக்கியம்: 700 பேரும் கணக்குத் திறக்கப் போவதில்லை, எழுதுவது 30, 40 பேர், மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டுப் படிப்பார்கள்.

லெமியும் மாஸ்டடானும் ஆக்டிவிட்டிபப் என்ற ஒரே நெறிமுறையை, அதாவது சர்வர்கள் தங்களுக்குள் பேசும் விதியை, பேசுகின்றன. 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதைத் தரமாக ஏற்றது. இதில் ஒவ்வொரு சர்வரும் தனிக் குளம். உங்கள் குளத்து ஆள் ஒருவராவது வெளியூர்ச் சமூகம் ஒன்றைப் பின்தொடர்ந்தால்தான் அந்த மதகு திறந்து தண்ணீர் வரும். புதிய சர்வரில் ‘தேடினேன், ஒன்றுமே இல்லை’ என்று மிரள்பவர்களுக்குக் காரணம் இதுதான். மாஸ்டடானில் இருக்கும் ஒரு வேளாண் மாணவர் உங்கள் லெமி சமூகத்தின் முகவரியைக் குறிப்பிட்டு எழுதினால் அது இங்கே பதிவாக வந்துவிடும். அவர் எழுதிய முதல் வரி தலைப்பாகும். அதனால் முதல் வரியில் ‘வணக்கம் ஐயா’ என்று தொடங்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

தமிழில் லெமியை நடத்தும்போது சில இடங்களில் கால் இடறும். சமூகத்தின் முகவரிப் பெயரை ரோமன் எழுத்தில்தான் வைக்க முடியும், காட்சிப் பெயரைத் தமிழில் வைக்கலாம். தலைப்புக்கு 200 குறி வரம்பு. கொம்பு, புள்ளி எல்லாம் தனியே எண்ணப்படுவதால் நூறு எழுத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அதிகம் குழப்புவது மொழி அமைப்பு. மொழி குறிக்காத பதிவுகளை லெமி ‘அன்டிடர்மைண்ட்’ என்ற வகையில் போடுகிறது. உறுப்பினர் தன் கணக்கில் தமிழை மட்டும் டிக் செய்துவிட்டு இதை விட்டுவிட்டால் பாதிப் பதிவுகள் அவர் கண்ணிலேயே படாது. இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சமூகத்தைத் ‘தமிழ் மட்டும்’ என்று பூட்டினால், தமிழைத் தேர்ந்தெடுக்காதவருக்குப் பதிவிடும்போது பிழைச் செய்தி வரும், ஏன் என்றும் புரியாது.

தேடலில் இன்னொரு நுணுக்கம். லெமி நீங்கள் தட்டிய எழுத்துத் தொடரை அப்படியே தேடும். ‘புகையான்’ என்று தட்டினால் ‘புகையானுக்கு’ வராது, ஏனென்றால் ‘ன்’ அங்கே ‘னு’ ஆகிவிட்டது. கடைசி எழுத்தை விட்டுப் ‘புகையா’ என்று தேடினால் எல்லாமே வரும். எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பான அமைப்போ சொல்லை முழுச் சொல்லாகப் பொருத்துவது. வேற்றுமை உருபு ஒட்டிய தமிழ்ச் சொற்களை அது தவறவிடும். ஆக, இந்த ஓர் இடத்தில் லெமியின் முரட்டுத் தேடலே நமக்கு உதவுகிறது. பெயர் வழக்கையும் கவனியுங்கள். நெற்பழ நோயைச் சிலர் லட்சுமி நோய் என்பார்கள். மட்டுறுத்துநர் இரண்டு பெயரையும் தலைப்பில் சேர்த்துவிட வேண்டும். ‘என்ன நோய் இது?’ என்ற தலைப்பு ஒரு வாரத்தில் செத்துவிடும். ‘ஆடுதுறை 45, நட்டு 35-ஆம் நாள், வெண்ணாற்றுப் பாசனம், தூரில் பழுப்பு’ என்ற தலைப்பு பத்து வருஷம் உழைக்கும்.

சமூகங்களை ஊர்வாரியாகப் பிரிக்காதீர்கள். இருபது ஊருக்கு இருபது சமூகம் திறந்தால் பதினெட்டு காலியாகக் கிடக்கும். பூச்சி நோய், தண்ணீர், கொள்முதல், பொது என நான்கு போதும்.

பதிவுகளுக்குப் போடும் வாக்கு விஷயத்தில் ஒரு முடிவை முதல் நாளே எடுத்துவிடுங்கள்: கீழ்வாக்கை (பதிவைக் கீழே தள்ளும் எதிர்வாக்கை) அணைத்துவிடுங்கள், நிர்வாக அமைப்பிலேயே அதற்கு வழி உண்டு. முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் பற்றிய பேச்சில் தலைமடைக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்றால், ‘எங்களுக்கு ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை’ என்ற கடைமடைக்காரரின் பதிவு கீழ்வாக்கில் அமுங்கிப்போகும். உண்மை எண்ணிக்கையில் இல்லை என்று மென்பொருளுக்குத் தெரியாது. மேலும் லெமியில் வாக்கு ரகசியமல்ல, நிர்வாகிகளுக்குத் தெரியும், மற்ற சர்வர்களுக்கும் போகும். பங்காளிகள் இருக்கும் தளத்தில் ‘நீதானே எனக்கு எதிராக அமுக்கினாய்’ என்ற வழக்கு வர அது போதும். பைஃபெட்டில் வாக்கை மறைமுகமாக அனுப்பும் வசதி இருக்கிறது. பைத்தானில் எழுதப்பட்ட சிறிய மென்பொருள் என்பதால் உங்கள் பிள்ளைகள் யாராவது திருத்தி எழுதவும் வசதி. லெமிக்குச் செயலிகளும் கையேடுகளும் அதிகம் என்பதால்தான் அதை முன்னே வைக்கிறேன்.

லெமியின் பெரிய குறை குரல். வாட்ஸ்அப்பில் வயதானவர்கள் தட்டச்சு செய்வதில்லை, மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார்கள். லெமியில் படம் போடலாம். குரல்பதிவுக்கு நேரடி வசதி இல்லை. குரலைக் கேட்டு நாலு வரியாக எழுதிப்போட இரண்டு பேரை நியமிக்காவிட்டால், அனுபவம் அதிகமுள்ளவர்களின் பதில்தான் முதலில் காணாமல் போகும்.

புளூஸ்கைக்கு வருவோம். 2019-இல் ட்விட்டருக்குள் முளைத்த திட்டம், 2024 பிப்ரவரியில் அழைப்பில்லாமல் எல்லோருக்கும் திறந்தது. இதன் ஏடி நெறிமுறையில் உங்கள் தரவு ஒரு சிறு சர்வரில் இருக்கும். 20 பேர் வரை 1 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் போதும் என்கிறது அதிகாரப்பூர்வக் குறிப்பு. அந்தச் சர்வரை மாற்றினால் பழைய பதிவுகளும் கூடவே வரும். மாஸ்டடானில் கணக்கை மாற்றினால் பின்தொடர்பவர்கள்தான் வருவார்கள், எழுதியது பழைய இடத்திலேயே கிடக்கும். இந்த ஒன்றில் புளூஸ்கை மேல். ஆனால் எல்லாச் சிறு சர்வர்களின் பதிவுகளையும் திரட்டும் ரிலே, அதைக் காட்டும் பகுதி, அடையாளப் பதிவேடு ஆகியவை பெரும்பாலும் அந்தக் கம்பெனியிடமே இருக்கின்றன. ரிலேயை வேறு சிலரும் நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள் என்றாலும், இன்றைய நிலையில் வயல் நம்முடையது, கல்லணை அவர்களுடையது. பதிவு வரம்பு 300 எழுத்து. குழு இல்லை, எல்லாமே பொதுவெளி. மேட்டூர் நீர்மட்டத்தையும் கொள்முதல் அறிவிப்பையும் நாலு பத்திரிகையாளர் கண்ணில் படவைக்க வேண்டுமானால் ஒரு கணக்குத் திறந்து வையுங்கள், போதும்.

மேட்ரிக்ஸ் அரட்டைக்கானது. வாட்ஸ்அப் பழகியவர்களுக்கு உடனே கைவரும், குரல்பதிவும் உண்டு. ‘மதகு உடைந்துவிட்டது, மண்மூட்டையோடு வாருங்கள்’ என்பதற்கு இதுதான் சரி. பொதுக் குழுவில் மறையாக்கத்தை (பேசுபவர்கள் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டுவதை) போடாதீர்கள். ஒருமுறை போட்டால் அந்த அறையில் திரும்ப எடுக்க முடியாது. புதிதாகச் சேர்பவருக்குப் பழைய பேச்சு தெரியாது. போன் மாற்றியவர் மீட்புச் சாவியைத் தொலைத்திருந்தால் தன் பழைய செய்திகளையே படிக்க முடியாது. நிர்வாகக் குழுவின் ஐந்தாறு பேர் பேசும் அறைக்கு மட்டும் மறையாக்கம் வைத்துக்கொள்ளலாம். சினாப்ஸ் என்ற அதன் சர்வர் மென்பொருள் ராம் தின்னி. உங்கள் ஆள் ஒருவர் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் வெளி அறையில் சேர்ந்துவிட்டால் போதும், தரவுதளம் ஊதிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீர் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு முடக்கிய 14 செயலிகளில் மேட்ரிக்ஸின் முதன்மைச் செயலியான எலிமென்ட்டும், இணையம் இல்லாமல் புளூடூத்தில் பேசும் பிரையரும் இருந்தன. நெறிமுறை ஒரு செயலியோடு கட்டுண்டதல்ல, ஃபிளஃபிசாட் போன்ற வேறு செயலிகளும் உண்டு. ஆனாலும் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றிலும் சோதித்துவிட்டுத்தான் ஊரைக் கூப்பிட வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா போல ஒன்று அடித்து, கரண்டும் டவரும் போனால் இங்கே சொன்ன எந்தச் சர்வரும் உதவாது. அதற்கு வானொலியையும் ஆளனுப்புவதையும்தான் நம்ப வேண்டும்.

நாஸ்டரில் கணக்கு என்பதே ஒரு ரகசியச் சாவி. தொலைந்தால் மீட்க ஆளில்லை, திருடு போனால் மாற்ற வழியில்லை. கடை கடையாகப் போன் பழுதுபார்க்கக் கொடுக்கும் ஊரில் இது ஆகாது.

இனி, சர்வரை நடத்துவது. மையமில்லாத தளங்கள் பெரும்பாலும் நெறிமுறைக் கோளாறால் சாவதில்லை, ஆள் இல்லாமல்தான் சாகின்றன. லெமி உலகின் பெரிய சர்வர்களில் ஒன்றான லெம்.ஈஈ, நடத்தியவர்கள் களைத்துப்போனதால் 2025 ஜூனில் மூடப்பட்டது. மொசில்லாவின் மாஸ்டடான் சர்வரே 2024 டிசம்பரில் மூடப்பட்டது. லெமி சமூகத்தை அப்படியே வேறு சர்வருக்குத் தூக்கிப்போக வழியில்லை என்பதால், அடுத்தவர் சர்வரில் ஓசியில் சமூகம் திறப்பது சோதனைக்கு மட்டும் சரி.

சொந்தமாக என்றால் 2 ஜிபி ராம், 40 முதல் 60 ஜிபி டிஸ்க் உள்ள வாடகைச் சர்வர், மாதம் சுமார் 500 முதல் 1,200 ரூபாய். சங்க அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டரை வைத்து ஃபைபர் இணைப்பில் ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். கரண்ட் கட் ஒரு பக்கம், பல இணைப்புகளில் தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காது என்பது இன்னொரு பக்கம். வேண்டாம். டொமைன் பெயரை யோசித்து வாங்குங்கள், கூட்டிணைவு (மற்ற சர்வர்களோடு பதிவுகளைப் பரிமாறுவது) தொடங்கிய பிறகு மாற்ற முடியாது. மாற்றினால் மற்ற சர்வர்கள் உங்களைப் புதிய ஆளாகவே பார்க்கும். டொமைனைச் சங்கத்தின் பெயரில் வாங்குங்கள். சென்னைக்கு வேலைக்குப் போய்விட்ட ஒரு தம்பியின் சொந்தக் கணக்கில் அது இருந்தால், அவர் புதுப்பிக்க மறந்த அன்று தளம் போய்விடும்.

முதல் வாரத்தில் வரும் புகார் எப்போதும் ஒன்றுதான்: ‘பதிவு செய்தேன், மெயில் வரவில்லை’. பல வாடகைச் சர்வர்களில் மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். தனி மின்னஞ்சல் சேவை ஒன்றை 587-ஆம் போர்ட் வழியாக இணைத்து, மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்து வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் சேருங்கள். மின்னஞ்சலே இல்லாதவர்களுக்காகச் சரிபார்ப்பை அணைக்கலாம். ஆனால் அப்படித் திறந்த கணக்கில் பாஸ்வேர்ட் மறந்தால் கணக்குப் போனதுதான்.

பதிவு வாசலைத் திறந்து போடாதீர்கள். 2023 ஜூனில் திறந்திருந்த லெமி சர்வர்களில் போலிக் கணக்குகள் வெள்ளமாகப் புகுந்தன. 2024 பிப்ரவரியில் கவனிப்பாரற்ற சிறு மாஸ்டடான் சர்வர்கள் வழியாகக் குப்பைச் செய்தி அலை ஒன்று கிளம்பியது. விண்ணப்ப முறையை வையுங்கள். கேள்வி ஒன்று போதும்: ‘உங்கள் வயலுக்கு எந்த ஆற்றுத் தண்ணீர், எந்த வாய்க்கால்?’ பொய்க் கணக்குக்காரன் இதில் மாட்டிக்கொள்வான்.

கூட்டிணைவையும் அனுமதிப் பட்டியலோடு தொடங்குங்கள். 2023 ஆகஸ்டில் ஒரு பெரிய லெமி சர்வரில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைச் சிலர் வேண்டுமென்றே ஏற்றினார்கள். அவை கூட்டிணைவு வழியாக மற்றச் சர்வர்களின் டிஸ்க்கிலும் தங்கின. நம் சட்டப்படி அது வைத்திருந்தாலே குற்றம். வெளிச் சர்வர்ப் படங்களைச் சேமிக்காதபடி படச் சேமிப்பு மென்பொருளை அமைத்துவிட்டு, தெரிந்த நாலைந்து சர்வர்களோடு மட்டும் பேசுங்கள். டிஸ்க்கும் மிச்சமாகும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பு வழியும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் வந்த 24 மணி நேரத்தில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று சொல்ல வேண்டும். 50 லட்சம் பயனர் உள்ளவர்களுக்கான கூடுதல் கடமைகள் உங்களுக்கு வராது. ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு சர்வரின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மருந்து அளவைத் தவறாக எழுதிய பதிவை என்ன செய்வது என்றும் முன்பே முடிவு செய்யுங்கள். நீக்கினாலும் திருத்தினாலும் அந்தச் செய்தி மற்றச் சர்வர்களுக்குப் போகும், ஆனால் எல்லாச் சர்வரும் கேட்டு நடக்கும் என்ற உறுதி இல்லை. அதனால் பதிவைத் திருத்தி, கீழே ‘மேலே சொன்ன அளவு தவறு’ என்று தனி மறுமொழியும் இடுங்கள்.

தொடங்கச் சரியான நேரம் சித்திரை. வயலில் வேலை குறைவு, ஜூன் 12-க்கு முன் ஒன்றரை மாதம் கையில் இருக்கும். முதல் இரண்டு வாரம் 20 பேர் மட்டும். அந்த இருபது பேரும் பழைய வாட்ஸ்அப் பேச்சிலிருந்து ஆளுக்கு ஐந்து நல்ல கேள்வி பதிலை, சொன்னவரிடம் கேட்டுக்கொண்டு, சரியான தலைப்போடு ஏற்றட்டும். நூறு பதிவு இருக்கும் தளத்துக்கு ஆள் வருவார்கள், காலித் தளத்துக்கு வரமாட்டார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் யார் கேள்வி கேட்டாலும் லெமி இணைப்பையே பதிலாகப் போடுங்கள், குழுவை மூடாதீர்கள்.

தினமும் இரவு தரவுதளத்தையும் படக் கோப்புறையையும் வேறு ஊரில் உள்ள இன்னொரு சேமிப்பிடத்துக்கு நகலெடுங்கள். டிஸ்க் 80 சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். முழுக்க நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுதள மென்பொருள் நின்றுவிடும், அது பெரும்பாலும் மழை நாளில், எல்லோரும் படம் போடும் அன்றுதான் நடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு சர்வரில், வெளியிணைப்பைத் துண்டித்து ஏற்றிப் பாருங்கள். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் ஊரிலேயே இருப்பவராக.